இரத்தத்தில் வருகிறதா? லான்காஸ்டர் ஆமிஷ் குடும்பங்களின் கதை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்காஸ்டர் கவுண்டி என்றொரு பகுதி இருக்கிறது. சோளக்காடுகளும் பால்பண்ணைகளும் நிறைந்த ஊர்ப்புறம். அங்கே வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் கார் வைத்துக்கொள்வதில்லை, வீட்டுக்கு மின்வாரியக் கம்பி இழுப்பதில்லை, குதிரை வண்டியில்தான் போய்வருகிறார்கள். 1880 முதல் 1980 வரை, நூறு ஆண்டுகளில், இந்தச் சமூகத்தில் 26 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். மற்ற அமெரிக்கர்களோடு ஒப்பிட்டால் இது குறைவான எண்ணிக்கை.

ஆனால் அந்த 26 பேர் யார் யார் என்று வம்சாவளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அவர்களில் 73 சதவீதம் பேர் நான்கே நான்கு வம்சங்களைச் சேர்ந்தவர்கள். அந்த நான்கையும் கூட்டினால்கூட மொத்தச் சமூகத்தில் 16 சதவீதம்தான் வரும்.

ஜேனிஸ் எகலாந்து, ஜேம்ஸ் சஸெக்ஸ் என்ற இருவர் 1985-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை வெளியிட்டார்கள். தற்கொலை அபாயத்தில் மரபுக்குப் பங்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு இன்றைக்கும் முதலில் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் இது ஒன்று. பெரும்பாலும் 73, 16 என்ற அந்தச் சதவீதக் கணக்கைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் பாதிக் கதை அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அந்தப் பாதி தெரியாமல் போனால், அப்பாவையோ அக்காவையோ இப்படி இழந்த ஒருவர் இந்தக் கணக்கைத் தன் தலையெழுத்தாகவே படித்துவிடக்கூடும். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

ஏன் ஆமிஷ் மக்கள்?

ஆமிஷ் மக்களின் முன்னோர் 18-ம் நூற்றாண்டில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வந்தவை கொஞ்சம் குடும்பங்கள்தான். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்களுக்குள்ளேயே மணம் முடித்து, வீட்டுக்கு ஆறு ஏழு குழந்தைகள் என்று பெருகினார்கள். வெளியிலிருந்து வந்து சேர்பவர்கள் மிக அரிது. யாருக்கு யார் பிறந்தார், யாரை மணந்தார் என்பதையெல்லாம் வம்சாவளிப் புத்தகங்களாக அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். மரபியல் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது கடினம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் விக்டர் மெக்குசிக் 1960-களிலேயே இங்கே வந்து, ஆறு விரல்களோடு குட்டையாகப் பிறக்கும் ஓர் அரிய மரபு நோயை இவர்களிடம் ஆராய்ந்திருந்தார்.

மனநோய் ஆய்வுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. குடி, போதைப்பொருள், வேலையின்மை, விவாகரத்து, தனிமையில் விடப்பட்ட முதுமை என்று தற்கொலைக்குக் காரணமாக நாம் வழக்கமாக அடுக்குபவை பலவும் இந்தச் சமூகத்தில் மிகக் குறைவு. ஒருவர் வீடு எரிந்துபோனால் ஊரே திரண்டு வந்து கட்டித் தரும். இத்தனை இருந்தும் சிலர் இப்படி இறந்திருக்கிறார்கள் என்றால் வேறெதுவோ உள்ளே வேலை செய்கிறது என்று தேடுவதில் நியாயம் இருந்தது.

எகலாந்து மருத்துவரல்ல; மருத்துவச் சமூகவியல் படித்தவர். மயாமி பல்கலைக்கழகத்தின் சார்பில் 1976-ல் இந்த நீண்ட ஆய்வைத் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பழகி, அவர்களின் நம்பிக்கையைப் பெற்றுத்தான் தகவல்களைச் சேர்க்க முடிந்தது. யாருக்கு என்ன நோய் என்ற முடிவை அவர் தனியாக எடுக்கவில்லை. மனநல மருத்துவர்கள் அடங்கிய ஒரு குழு, நோயாளி எந்தக் குடும்பம் என்று தெரியாமல் பதிவுகளை மட்டும் படித்து முடிவு சொன்னது. ‘அந்தக் குடும்பம்தானே, அப்படித்தான் இருக்கும்’ என்ற முன்முடிவு நுழைந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

நோயை அடையாளம் காண்பதிலேயே ஒரு சிக்கலைச் சந்தித்தார்கள். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறில் மனம் சில காலம் அளவுகடந்த எழுச்சியிலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும். எழுச்சியின் அறிகுறியாகப் பாடநூல்கள் சொல்பவை கண்டபடி செலவழிப்பது, வேகமாகக் கார் ஓட்டுவது போன்றவை. கிரெடிட் கார்டும் காரும் இல்லாத ஊரில் இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது? ஆமிஷ் மக்களிடம் அந்த எழுச்சி வேறு உருவங்களில் வெளிப்பட்டது. குதிரை வண்டியை வெறிகொண்டு விரட்டுவது, கால்நடைகளை முரட்டுத்தனமாக நடத்துவது, பொதுத் தொலைபேசியை விட்டு நகராமல் பேசிக்கொண்டே இருப்பது, பருவமில்லாப் பருவத்தில் பரிசுகள் கொடுப்பது, அறுவடை நேரத்தில் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுவது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இதையெல்லாம் சரியாகக் கவனித்து வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் வேறு நோய் என்று மருத்துவமனைகளில் தவறாக எழுதப்பட்டிருந்த பலருக்கு உண்மையில் இருந்தது பைபோலார்தான் என்பது இந்த ஆய்வில் தெரியவந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு மனிதரின் நோயைப் புரிந்துகொள்ள அவர் வாழும் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும்.

26 பேரிடம் கண்டது

இறந்த 26 பேரில் 24 பேருக்குத் தீவிர மனச்சோர்வோ பைபோலாரோ இருந்திருக்கிறது. வம்சங்களைப் பொறுத்தவரை முடிவு இரண்டு பகுதிகளாக இருந்தது. முதல் பகுதி, தற்கொலைகள் அதிகமாக இருந்த நான்கு வம்சங்களிலும் மனநிலை நோய்கள் தலைமுறை தலைமுறையாக நிறைந்திருந்தன. பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான்.

இரண்டாவது பகுதியை அதே அளவுக்கு யாரும் பேசுவதில்லை. இந்த நான்கைப் போலவே மனச்சோர்வும் பைபோலாரும் நிறைந்த வேறு வம்சங்களும் அதே சமூகத்தில் இருந்தன. அவற்றில் நூறு ஆண்டுகளில் ஒரு தற்கொலைகூட நிகழவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். மனச்சோர்வு மரபில் வருகிறது, அதனால் தற்கொலையும் வருகிறது என்று நேர்கோடு போட முடியாது என்று இந்த இரண்டாம் பகுதி சொல்கிறது. நோய் இருக்கும் குடும்பங்களில் சிலவற்றில் மட்டும் அபாயம் கூடியிருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சில குடும்பங்களில் நோயோடு கூட இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அது ஒருவேளை இன்னொரு மரபுக் கூறாக இருக்கலாம். ஒரு துயரம் வரும்போது நிதானிக்காமல் உடனே செயல்படும் இயல்பாக இருக்கலாம். முன்னொருவர் அப்படி இறந்ததன் நிழல் பிள்ளைகள் மேல் விழுந்ததாகவும் இருக்கலாம். வம்சாவளி வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் மரபணுவையும் பகிர்கிறார்கள், சாப்பாட்டையும் சண்டையையும் துக்கத்தையும் பகிர்கிறார்கள்.

ஆமிஷ் மக்கள் தங்களுக்குள் இதைப்பற்றிப் பேசும்போது, அது இரத்தத்தில் இருக்கிறது என்றே சொல்லிவந்தார்கள். மருத்துவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் கவனித்திருந்த உண்மை அது. சரி, இரத்தத்தில் எங்கே இருக்கிறது? அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதற்கு விடை கிடைத்துவிட்டது என்றே உலகம் நம்பியது.

1987-ல் ஒரு விடை, 1989-ல் அது கலைந்தது

1987 பிப்ரவரியில் நேச்சர் இதழில் எகலாந்து குழுவின் கட்டுரை வந்தது. ஒரே ஆமிஷ் வம்சத்தைச் சேர்ந்த 81 பேரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, பைபோலார் நோய்க்கான மரபணு, மரபணுக்களைத் தாங்கும் இழைகளில் ஒன்றான 11-ம் குரோமோசோமின் நுனிப்பக்கத்தில் இருக்கிறது என்று அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடின. மனநோய்க்கு மரபணு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, இனி மருந்தும் பரிசோதனையும் வர வேண்டியதுதான் பாக்கி என்ற தொனி.

அதே இதழிலேயே எச்சரிக்கையும் இருந்தது. ஐஸ்லாந்துக் குடும்பங்களிலும் வேறு அமெரிக்கக் குடும்பங்களிலும் தேடிய இரண்டு குழுக்கள், 11-ம் குரோமோசோமில் தங்களுக்கு எதுவும் அகப்படவில்லை என்று எழுதியிருந்தன. தலைப்புச் செய்தி படித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருப்பார்கள்?

1989 நவம்பரில், அதே நேச்சரில், ஜான் கெல்சோவை முதல் ஆசிரியராகக் கொண்டு மறு ஆய்வு வெளியானது. அதில் எகலாந்தும் இருந்தார். இடைப்பட்ட காலத்தில் அந்த வம்சத்தில், நோயற்றவர்கள் என்று கணக்கில் இருந்த இரண்டு பேருக்கு நோய் வந்திருந்தது. அவர்களிடம் அந்த 11-ம் குரோமோசோம் அடையாளம் இல்லை. கூடவே அதே வம்சத்தின் இன்னும் சில கிளைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பழைய புள்ளியியல் வலிமை சரிந்தது. கண்டுபிடிப்பு நிற்கவில்லை.

இதை ஒரு அவமானமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாங்களே அறிவித்ததைத் தாங்களே திரும்பப் பரிசோதித்து, அதே மேடையில் நின்று தவறு என்று சொல்வது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதல்ல. 81 பேர் கொண்ட வம்சத்தில் இரண்டே பேரின் உடல்நிலை மாறியதால் ஒரு முடிவு கவிழ்கிறது என்றால், அந்த முடிவு எத்தனை மெல்லிய நூலில் தொங்கியது என்பதும் அதிலேயே தெரிந்தது.

2014-ல் இதே ஆமிஷ் வம்சத்தின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்துப் பார்த்தார்கள். கால் நூற்றாண்டில் கருவிகள் எவ்வளவோ வளர்ந்திருந்தன. அப்போதும் நோய்க்குப் பொறுப்பான ஒற்றை மரபணு எதுவும் அகப்படவில்லை. அந்த ஒரே வம்சத்துக்குள்ளேயே வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு இடங்கள் லேசாக மின்னின. ஒரு சில முன்னோரின் வழிவந்த, கூடுமானவரை ஒரே மாதிரியான மக்களிடமே நிலைமை இப்படி என்றால், நம்மைப்போல் கலந்து வாழும் மக்களிடம் ஒற்றை மரபணுவைத் தேடுவதில் பயனில்லை.

கோபன்ஹேகனில் பிரித்துப் பார்த்தது

மரபையும் வளர்ப்பையும் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி, பெற்றவர் ஒருவர் வளர்த்தவர் ஒருவர் என்று அமைந்த பிள்ளைகளைப் பார்ப்பது. டென்மார்க்கின் பதிவேடுகள் அதற்கு உதவின. கோபன்ஹேகனில் 1924 முதல் 1947 வரை தத்துக் கொடுக்கப்பட்ட 5,483 பேரில் 57 பேர் பின்னாளில் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஷுல்சிங்கர், கெட்டி முதலிய ஆய்வாளர்கள் 1979-ல் இந்த 57 பேரையும், வயதும் பின்னணியும் பொருந்திய வேறு 57 தத்துப்பிள்ளைகளையும் எடுத்து இரு தரப்பு உறவினர்களையும் ஒப்பிட்டார்கள். இறந்தவர்களின் பெற்றவழி உறவினர் 269 பேரில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களின் பெற்றவழி உறவினர் 269 பேரில் இரண்டே பேர். வளர்த்தவழி உறவினரில் இரு தரப்பிலும் ஒருவர்கூட இல்லை.

பார்த்தே இராத, சேர்ந்து வாழ்ந்தே இராத உறவினரோடு இந்த ஒற்றுமை. மரபுக்குப் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கேட்க முடியாது. ஆனாலும் அதே கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். அந்த 269 உறவினரில் 257 பேர் தற்கொலையால் இறக்கவில்லை.

இரட்டையர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அலெக் ராயும் உடன் ஆய்வாளர்களும் 1991-ல் வெளியிட்ட தொகுப்பில், இரட்டையரில் குறைந்தது ஒருவராவது தற்கொலையால் இறந்த 176 ஜோடிகள் இருந்தன. ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையர் 62 ஜோடி. அவற்றில் 7 ஜோடிகளில் இருவருமே அப்படி இறந்திருந்தார்கள். தனித்தனிக் கருவிலிருந்து வந்த 114 ஜோடிகளில் இரண்டில் மட்டுமே அப்படி. சதவீதத்தில் 11.3-க்கு எதிராக 1.8. மரபின் பங்கு சந்தேகமின்றித் தெரிகிறது. அதே சமயம், அந்த 62 ஒத்த ஜோடிகளில் 55 ஜோடிகளில், ஒரே மரபணுத் தொகுதியோடு பிறந்த மற்றவர் அப்படி இறந்திருக்கவில்லை.

இந்த 55 என்ற எண்ணை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். மரபில் வருவது எளிதில் பாதிக்கப்படும் தன்மை. அது முடிவாக மாற வேண்டுமென்றால் நோய் தீவிரமாக வேண்டும், வாழ்வில் அடி விழ வேண்டும், அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் போக வேண்டும், இன்னும் எத்தனையோ சேர வேண்டும். இவற்றில் பலவற்றை மனிதர்களால் மாற்ற முடியும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஸ்வீடனின் மேரி ஆஸ்பெர்க் 1976-ல், மனச்சோர்வு நோயாளிகளில் மூளைத்தண்டுவட நீரில் செரட்டோனின் சிதைவுப்பொருள் குறைவாக இருந்தவர்களிடம் தற்கொலை முயற்சிகள் அதிகம் என்று காட்டினார். செரட்டோனின் என்பது மனநிலையையும் அவசரச் செயலை அடக்கும் திறனையும் பாதிக்கும் மூளை வேதிப்பொருள். அன்றிலிருந்து அதோடு தொடர்புடைய மரபணுக்களைப் பல ஆண்டுகள் துருவினார்கள். செரட்டோனினை உள்ளிழுக்கும் புரதத்துக்கான மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கைத் துயரத்தில் எளிதில் உடைகிறார்கள் என்று நியூசிலாந்தின் டனீடின் நகர ஆய்வு 2003-ல் சொன்னது பெரும்புகழ் பெற்றது. பின்னர் லட்சக்கணக்கானோரை வைத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. 2019-ல், மனச்சோர்வுக்குக் காரணம் என்று அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை ஒன்றாகச் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு மரபணுக்களைவிட அவை எந்த வகையிலும் முக்கியமாக இல்லை. செரட்டோனினுக்குப் பங்கில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு மரபணுவைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒரு மனிதரின் நாளையைச் சொல்ல முடியாது என்பதுதான் இதிலிருந்து கிடைப்பது.

இப்போதைய வழி வேறு. மரபணுத் தொகுதி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடுகிறார்கள். 2022-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் தற்கொலைக்கு முயன்ற 29,782 பேரும் ஒப்பீட்டுக்கு 5,19,961 பேரும் இருந்தார்கள். 7-ம் குரோமோசோமில் தற்கொலை முயற்சியோடு தொடர்புடைய ஓர் இடம் தெரிந்தது. மனச்சோர்வு போன்ற நோய்களின் தாக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் அது நிலைத்தது. தூக்கமின்மை, புகைப்பழக்கம், ஆபத்துக்குத் துணியும் இயல்பு ஆகியவற்றோடும் அதே இடத்துக்குத் தொடர்பு இருந்தது. 1985-ல் ஆமிஷ் வம்சங்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: மனநோயின் மரபோடு பாதி ஒட்டியும் பாதி தனித்தும் இன்னொரு மரபு இருக்கிறது. அடுத்த ஆண்டு 43,871 பேரை வைத்துச் செய்த இன்னும் பெரிய ஆய்வில் 12 இடங்கள் கிடைத்தன.

பன்னிரண்டும் சேர்ந்து எவ்வளவு விளக்குகின்றன? மிகக் கொஞ்சம். குடும்ப, இரட்டையர் ஆய்வுகள் தற்கொலை நடத்தையில் மரபின் பங்கு 30 முதல் 55 சதவீதம் என்று மதிப்பிடுகின்றன. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் இவ்வளவு பங்கு மரபால் என்பதே இதன் பொருள். ஒரு தனிமனிதருக்கு 50 சதவீத அபாயம் என்று இதைப் படிக்கக்கூடாது. அப்படிப் படித்துப் பயந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். பொதுவான மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் கூட்டி 2022 ஆய்வு கணக்கிட்டபோது கிடைத்தது 6.8 சதவீதம். எனவே காசு வாங்கிக்கொண்டு எச்சிலைப் பரிசோதித்து உங்கள் பிள்ளைக்குத் தற்கொலை அபாயம் இவ்வளவு என்று யாராவது தாள் நீட்டினால், அதை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மரபணு அப்படியே இருக்க, அதன் மேல் வாழ்க்கை எழுதும் குறிப்புகளும் உண்டு. மொன்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2009-ல் தானமாகப் பெற்ற மூளைகளை ஆராய்ந்தார்கள். குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளாகித் தற்கொலையால் இறந்தவர்களிடம், மன அழுத்தத்தைத் தணிக்க உதவும் ஒரு மரபணு வேதிமாற்றத்தால் அடங்கிக் கிடந்தது. கொடுமைக்கு ஆளாகாமல் அதே விதமாக இறந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் 12 பேர் மட்டுமே இருந்த சிறிய ஆய்வு அது. ஆனாலும் குழந்தையை அடித்து வளர்ப்பதைச் சாதாரணமாக எண்ணும் எவரும் இதை ஒருமுறையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் இப்படிப் போயிருந்தால்

டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2002-ல் செய்த ஆய்வில், பெற்றோரோ உடன்பிறந்தவரோ தற்கொலையால் இறந்தவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று வந்தது. இரண்டரை மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். ஆனால் பெருக்கப்படும் அடிப்படை எண் சிறியது. லட்சத்துக்குச் சில பத்துப் பேர் என்ற அளவை இரண்டரையால் பெருக்கினாலும், அப்படியொரு இழப்பைக் கண்ட பிள்ளைகளில் மிக மிகப் பெரும்பாலோர் வாழ்ந்து முதுமை அடைகிறார்கள். சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் முப்பது வயதிலேயே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதைப் போல, இவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே கவனம் எடுத்தால் போதும். இரண்டு வாரம் தூக்கம் கெட்டு எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் ‘சரியாகப் போய்விடும்’ என்று காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போகும்போது குடும்ப வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால் அவர் கேட்கும் கேள்விகளே மாறும். தாத்தாவுக்கோ சித்திக்கோ பைபோலார் இருந்தது என்று தெரிந்தால் அவர் தரும் மருந்தும் மாறலாம். பைபோலார் உள்ளவர்களுக்கு லித்தியம் என்ற மருந்து தற்கொலை அபாயத்தைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உள்ளன.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? மாரடைப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கே பத்து இருபது வருஷம் கழித்து, அதுவும் யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் சொல்லித்தான் தெரியவருகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கு எட்டிவிடக்கூடாது என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யல்ல, ‘அந்தக் குடும்பமா?’ என்று பின்வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இந்த ஆய்வுகளைக் காட்டி அப்படிப் பின்வாங்குகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: ஒரே மரபணுத் தொகுதி உள்ள இரட்டையரில் மற்றவரையே 62-க்கு 55 ஜோடிகளில் அது கொண்டுபோகவில்லை. ஒரு பெண்ணின் பெரியப்பா இறந்த விதத்தை வைத்து அவள் வாழ்க்கையைத் தீர்மானிக்க எந்த மரபியலும் இடம் தரவில்லை.

மரபணு மாறாமலே எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1990-களின் நடுவில் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போய், உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இருந்தது. உயிருக்கு அதிக ஆபத்தான பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் 70 சதவீதம் குறைந்தது. தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் அதே மரபணுக்களோடுதான் இருந்தார்கள். நெருக்கடியான அந்தச் சில மணி நேரத்தைத் தாண்டவிட்டால் பெரும்பாலோர் பிழைத்து வாழ்கிறார்கள் என்பதற்கு இத்தனை பெரிய சான்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இதைப் படிக்கும்போதே அந்த நெருக்கடியில் நீங்கள் இருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926. உங்கள் வீட்டில் யாரையாவது நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்றால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டுவிட்டாரே என்று பலருக்கு நிம்மதிதான் வருகிறது.

லான்காஸ்டரில் பின்னர்

குரோமோசோம் ஏமாற்றியபின் ஆமிஷ் குடும்பங்கள் ஆய்வாளர்களை விரட்டிவிடவில்லை. எகலாந்தின் பணி பல ஆண்டுகள் தொடர்ந்தது. பைபோலார் உள்ளவர்களின் பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே தொடர்ந்து கவனித்து, நோய் முழுதாக வெளிப்படுவதற்கு முன் என்னென்ன முன்னறிகுறிகள் தெரிகின்றன என்று பதிவு செய்தார்கள். தூக்கத்தில் மாற்றம், அளவுமீறிய உற்சாகம், எளிதில் காயப்படும் மனம் என்று அந்தப் பட்டியல் போகிறது. மரபணுவைத் தேடிப் போனவர்கள் கடைசியில் ஒரு தாய்க்குப் பயன்படும் விஷயத்தைக் கண்டெடுத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

சமூகமும் மாறியது. பக்கத்து லெபனான் கவுண்டியில் மென்னோனைட் கிறிஸ்தவர்கள் நிறுவிய பில்ஹேவன் மனநல மருத்துவமனை வளாகத்திலேயே, ஆமிஷ் மக்கள் தாங்களே முன்னின்று தங்கள் நோயாளிகளுக்காகத் தங்கும் இல்லம் ஒன்றைக் கட்டினார்கள். அங்கே தங்கிக்கொண்டே டாக்டரைப் பார்க்கலாம், மருந்து எடுத்துக்கொள்ளலாம், தங்கள் வழக்கப்படி சமைத்துச் சாப்பிட்டு ஜெபம் செய்யலாம். பொறுப்பாளர்களாக இருப்பதும் அவர்கள் ஆட்களே. இரத்தத்தில் இருக்கிறது என்று பேசிவந்த அதே மக்கள், மருந்தையும் டாக்டரையும் தங்கள் ஊருக்குள் இப்படிச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.